4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10: முதலில் எதை மாற்றுவது?

மின்மினி

வணக்கம். என்னிடம் இருப்பது ஏஎம்டி ஏ8-4500எம் பிராசஸர் உள்ள லேப்டாப், 2012-ல் வந்த சிப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 64-பிட். ஆன் செய்து டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் நெடுநேரம் எதைத் தொட்டாலும் அசைவதில்லை. பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்து பக்கத்தில் ஒரு டாக்குமென்ட்டும் திறந்துவிட்டால், அடித்த எழுத்து சில நொடி கழித்துத்தான் திரையில் வருகிறது. வீடியோ 720-இல் வைத்தால் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. டெம்ப் ஃபைல்களை அழித்தேன், தேவையில்லாத புரோகிராம்களை நீக்கினேன், முழுதாக ஃபார்மட்டும் செய்தாயிற்று. கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி பழைய கதைதான். புதிது வாங்கும் எண்ணம் இப்போது இல்லை, அதனால் "தூக்கிப் போடுங்கள்" என்ற பதில் எனக்கு உதவாது. ஓரளவு செலவு செய்ய முடியும். அதை முதலில் எதில் செய்வது? ரேமா, எஸ்எஸ்டி-யா, இல்லை இரண்டும் வேண்டாம் என்று லினக்ஸுக்கு மாறிவிடலாமா?

துரிதம்

செலவு செய்வதற்கு முன் இலவசமாகச் செய்யக்கூடியவற்றைச் செய்து பாருங்கள். ஒரு ரேம் கிளீனர் போட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அணைத்துவிடுங்கள், அப்போது விண்டோஸ் டிஸ்க்கைத் தொடாமல் ரேமை மட்டுமே பயன்படுத்தும். விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பகுதியில் பிராசஸர் எண்ணிக்கையை 4 என்று டிக் செய்யுங்கள், மேக்சிமம் மெமரியையும் டிக் செய்யுங்கள். கடைசியாக, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைக்க ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனர். நண்பர்கள் சிலருக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், எல்லோருமே வித்தியாசம் தெரிகிறது என்றுதான் சொன்னார்கள்.

திருகாணி

துரிதம், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இவற்றில் ஒன்றுகூட 4 ஜிபி மெஷினுக்கு உதவாது, சில கெடுதலும் செய்யும். இந்தக் குறிப்புகள் பல வருடமாகக் கைமாறிக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேம் கிளீனர் செய்வது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் கையில் வைத்திருக்கும் மெமரி பக்கங்களைக் கீழே வைக்கச் சொல்லி விண்டோஸிடம் கேட்கிறது. உடனே மீட்டர் 80 சதவீதத்திலிருந்து 45-க்கு இறங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அடுத்து அந்தப் புரோகிராமை நீங்கள் தொட்டதும் அதே பக்கங்கள் திரும்ப வேண்டும். அதற்குள் அவை டிஸ்க்குக்குப் போயிருந்தால் டிஸ்க்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். உங்கள் சிஸ்டத்தில் அதுதானே ஏற்கெனவே வலிக்கிற இடம்! காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. விண்டோஸாக இருந்தாலும் லினக்ஸாக இருந்தாலும், மீதமுள்ள ரேமில் அண்மையில் படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும், வேறு புரோகிராம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதை வலுக்கட்டாயமாகக் காலி செய்வதில் இழப்பு நமக்குத்தான்.

பேஜ் ஃபைலை அணைத்தால் டிஸ்க் தொல்லை தீராது. புரோகிராம்களுக்கு விண்டோஸ் வாக்குக் கொடுக்கக்கூடிய மொத்த மெமரி, ரேமின் அளவோடு நின்றுவிடும். 4 ஜிபி-யில் அது சீக்கிரமே தீர்ந்து, பிரவுசர் டேப்கள் ஒவ்வொன்றாக விழும், சேமிக்காத டாக்குமென்ட்டோடு சேர்த்து. புரோகிராமின் கோட் எப்படியும் டிஸ்க்கிலிருந்துதான் படிக்கப்படுகிறது, அந்தப் போக்குவரத்து நிற்கவே நிற்காது.

எம்எஸ்கான்ஃபிக்கில் இருப்பது குறைப்பதற்கான வசதி. குறைந்த கோரில், குறைந்த மெமரியில் ஒரு மென்பொருள் எப்படி ஓடும் என்று சோதிப்பவர்களுக்காக வைத்தது. டிக் செய்யாமல் விட்டால் எல்லா கோரும் எல்லா ரேமும் பயன்பாட்டில்தான் இருக்கும். மேக்சிமம் மெமரியை டிக் செய்தவர்கள் சிலருக்கு இருந்த ரேமும் குறைந்து போன கதை உண்டு. ரெஜிஸ்ட்ரி கிளீனரால் அளக்கக்கூடிய வேகம் எதுவும் கிடைப்பதில்லை, மைக்ரோசாஃப்ட்டும் அவற்றை ஆதரிப்பதில்லை என்றே சொல்கிறது.

மின்மினி, எதையும் வாங்குவதற்கு முன் நான்கு எண்கள் வேண்டும். வழக்கமாக நீங்கள் வேலை செய்யும்போது இருப்பதுபோல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். மெமரியில் 'கமிட்டட்' என்ன, 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்ன, 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ன என்று பாருங்கள். டிஸ்க்கில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' எவ்வளவு என்று பாருங்கள். அப்படியே ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பகுதியில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (கேட்ட பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போக வேண்டி வந்த தடவைகள்) கோடு எவ்வளவு உயரம் போகிறது என்றும் எழுதுங்கள்.

துரிதம்

சரி, அப்படியானால் நண்பர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது எப்படி? அத்தனை பேரும் பொய் சொல்ல வாய்ப்பில்லையே.

திருகாணி

பொய் இல்லை, வித்தியாசம் நிஜமாகவே இருந்திருக்கும். அந்தக் கருவிகளை நிறுவி முடித்ததும் என்ன செய்தீர்கள்? ரீஸ்டார்ட். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையமான கெர்னல் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை ஆன் செய்யும்போது அப்படியே திரும்ப ஏற்றப்படும். அதனால் தினமும் இரவில் ஷட் டவுன் செய்பவரின் டாஸ்க் மேனேஜரில்கூட 'அப்டைம்' பல வாரம் என்று காட்டும். டிரைவரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் மெமரி அத்தனை நாளும் சேர்ந்துகொண்டே போகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே அதை முழுதாகத் துடைக்கும். நீங்கள் செய்து கொடுத்ததில் பலன் தந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சிஸ்டம் மந்தமானால் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், எல்லோருக்கும் பொருந்தும்.

மின்மினி

திருகாணி, கேட்ட எண்கள் இதோ. மொத்தம் 4.0 ஜிபி. பயன்பாட்டில் 3.1 ஜிபி, அதில் கம்ப்ரஸ்ட் 410 எம்பி என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறது. கமிட்டட் 6.2/8.4 ஜிபி. ஹார்ட்வேர் ரிசர்வ்ட் 563 எம்பி. ஸ்லாட் 2-ல் 1. டிஸ்க் எப்போதும் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1.8 எம்பி என்றுதான் காட்டுகிறது. ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில், இடையில் 3000-ஐத் தாண்டுகிறது. ஹார்ட் ஃபால்ட்ஸ் கோடு மேலே போய் 100-ல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்டைம் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே பல நாள் காட்டியது, ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் இவற்றை எடுத்தேன். 1.8 எம்பி-க்கே 100 சதவீதம் ஆகிறதே, அது எப்படி?

திருகாணி

அந்த 1.8-ஐக் கவனித்தது நல்லது, கதையே அதில்தான் இருக்கிறது. 100 சதவீதம் என்பது டிஸ்க் அந்த நேரம் முழுக்க ஏதோ ஒரு வேலையில் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது, எவ்வளவு வேலை முடித்தது என்பதைச் சொல்லாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பி-யைத் தொடலாம். ஆனால் பேஜ் ஃபைலிலிருந்து 4 கேபி இங்கே, 4 கேபி அங்கே என்று சிதறிக் கிடப்பதை எடுக்க ஒவ்வொன்றுக்கும் தலை நகர வேண்டும், தட்டு சுழன்று அந்த இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 5400 சுற்று டிஸ்க்கில் ஒரு தேடலுக்குப் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட் ஆகிவிடும். அப்படியென்றால் நொடிக்கு நூறு தேடல்கூடத் தேறுவது கடினம். நூறு முறை 4 கேபி எடுத்தால் அரை எம்பி-கூட இல்லை. அதனால்தான் 1.8-லேயே மூச்சு முட்டுகிறது.

இப்போது மெமரி. 4 ஜிபி-யில் 563 எம்பி-யை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது, ஏ8-க்குத் தனி வீடியோ மெமரி கிடையாது. மீதி ஏறக்குறைய 3.45 ஜிபி. புரோகிராம்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு 6.2 ஜிபி. அந்த 6.2 முழுதும் ஒரே நேரத்தில் தொடப்படாது என்பது உண்மைதான், ஆனால் இவ்வளவு இடைவெளியும் விடாத ஹார்ட் ஃபால்ட்டும் ஒன்றாக இருந்தால் ரேம் போதவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் அளவைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்களில் பெரும்பாலும் அதை மறைத்து வைத்திருப்பார்கள், இருந்தால் 256-க்கு இறக்கிவிடலாம்.

ஒரு ஸ்லாட் காலியாக இருப்பது நல்ல செய்தி. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 எஸ்ஓ-டிம் போட்டால் 8 ஆகிவிடும், அதோடு இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் டூயல் சேனல் வரும், அதாவது இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். மெமரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் கிராஃபிக்ஸுக்கு அது பெரிய லாபம். வாங்கும்போது 204 முனை உள்ள டிடிஆர்3-தானா என்று பாருங்கள், டிடிஆர்2-வும் டிடிஆர்4-ம் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. 1.5 வோல்ட்டில் ஓடும், உங்களுடையது போன்ற அந்தக் காலத்து போர்டில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக்கும் பொதுவாக ஓடிவிடும். பிந்திய லேப்டாப்கள் சிலவற்றில் டிடிஆர்3எல் மட்டும்தான் ஏற்கும், அங்கே 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போடக்கூடாது. பழைய ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து அதே வேகத்தில் வாங்குவது பாதுகாப்பு. போட்ட பிறகு ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விடுங்கள், பழுதான ஸ்டிக் ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

பனிப்பறவை

இதெல்லாம் சரி, ஆனால் விண்டோஸ் 10-ன் நிலையை யாரும் சொல்லவில்லையே. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்த தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் பட்டியலிலும் இருக்க வேண்டும். 2012 சிப் அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றினாலும் அது குறைந்தபட்சமாகக் கேட்பதே 4 ஜிபி, அந்த அளவில் அது படுத்துகிற பாட்டை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் மின்ட், இல்லையென்றால் அதேபோல் இலகுவான எல்எக்ஸ்க்யூடி உள்ள லுபுண்டு போட்டுப் பாருங்கள். முதலில் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்து வைஃபை, சவுண்ட், ஸ்லீப் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போது ஒரு ஜிபி-க்குள் அடங்கிவிடும், பின்னணியில் தானாக ஓடி டிஸ்க்கை உருட்டும் வேலைகளும் குறைவு. உங்களுடையது 64-பிட் சிப் என்பதால் எந்தத் தடையும் இல்லை. 32-பிட் மட்டுமே உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. லினக்ஸில் 32-பிட் குரோம் 2016-லேயே நின்றது, டெபியன் 13-ல் 32-பிட் பிசி-க்கான இன்ஸ்டாலரே கிடையாது.

வலைவாசகி

லினக்ஸ் நல்லதுதான், நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஓஎஸ் மாறினால் மிச்சமாவது ஒரு ஜிபி சொச்சம். பிரவுசரில் ஒரு மெயில், ஒரு சமூக வலைத்தளம், ஒரு வீடியோ திறந்தால் அந்த ஒரு ஜிபி அங்கேயே போய்விடும். வலைத்தளங்கள் எந்த ஓஎஸ்ஸிலும் அதே எடைதான். லினக்ஸ் போட்டும் மெதுவாகத்தான் இருக்கிறது என்று மனம் வெறுத்துத் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருப்பார்கள்.

மின்மினி, குரோமிலோ எட்ஜிலோ ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும், ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட் முக்காற்புள்ளி பிராசஸஸ் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். மெமரி நெடுவரிசையைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். மேலே வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்: எப்போதோ போட்ட ஒரு எக்ஸ்டென்ஷன், காலையிலிருந்து மூடாத ஒரு சாட் பக்கம், செய்தித்தளம் ஒன்றின் விளம்பர ஃபிரேம்கள். இந்த ஃபிரேம்கள் தனித்தனி பிராசஸாக ஓடுவதற்குக் காரணம் பாதுகாப்பு. பிராசஸர்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புப் பலவீனம் வெளியான பிறகு 2018-ல் குரோம் 67-ல் ஒவ்வொரு தளத்தையும் தனி பிராசஸில் அடைத்தார்கள், அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் மெமரி செலவாகும் என்று கூகுளே சொன்னது. அதை அணைக்க வழி தேடாதீர்கள், அந்தக் காவல் வேண்டும். வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஒரிஜின் போட்டால் விளம்பரமும் அதன் ஸ்கிரிப்ட்டும் ஏறவே ஏறாது, குரோமில் அதன் லைட் பதிப்பு இருக்கிறது. குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இரண்டும் செட்டிங்கில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ தடுக்குவது தனி நோய். யூடியூப் இப்போது உங்களுக்கு அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் (கோடெக்கில்) சுருக்கிய வீடியோ. 2012 கிராஃபிக்ஸ் சிப்பில் எச்.264 என்ற பழைய முறையைப் பிரிக்கும் வன்பொருள் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை. அதனால் பிராசஸரே ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்துச் சாகிறது. எச்264ஐஃபை என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, எனக்கு எச்.264 மட்டும் போதும் என்று தளத்திடம் சொல்லிவிடும். போட்டுவிட்டு வீடியோவின் மேல் வலது சொடுக்கி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் கோடெக் வரியில் ஏவிசி1 என்று வர வேண்டும், 'டிராப்ட் ஃபிரேம்ஸ்' ஏறாமல் நிற்க வேண்டும். ரேம் எவ்வளவு போட்டாலும் இந்தத் தொல்லை தீராது, இந்த மாற்றத்துக்குச் செலவும் கிடையாது.

சிறுபொறி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இன்னும் சின்னது: இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி. ரேமும் சேமிப்பும் போர்டிலேயே சால்டர் செய்தது, எதையும் மாற்ற முடியாது. விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் இல்லை. லினக்ஸ் பென் டிரைவ் போட்டால் பூட் மெனுவிலேயே தெரியவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பனிப்பறவை

முடியும். பென் டிரைவ் தெரியாததற்குக் காரணம் இந்தத் தலைமுறை ஆட்டம் மெஷின்களின் ஒரு விசித்திரம். சிப் 64-பிட், ஆனால் உள்ளே இருந்து பூட்டைத் தொடங்கி வைக்கும் யுஇஎஃப்ஐ 32-பிட். 64-பிட் பூட்லோடர் மட்டும் உள்ள ஐஎஸ்ஓ-வை (பென் டிரைவில் எழுதும் இன்ஸ்டாலர் ஃபைலை) அது கண்டுகொள்ளாது. இரண்டையும் கையாளும் ஐஎஸ்ஓ வேண்டும், டெபியன் இதைப் பல வருடமாக ஆதரிக்கிறது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு அதை முயன்று பாருங்கள்.

2 ஜிபி-யில் உயிர் காப்பது இசட்ரேம். வெளியே தள்ள வேண்டிய பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமுக்குள்ளேயே ஒரு ஓரத்தில் வைக்கும். சாதாரண வேலையில் பக்கங்கள் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும், விரித்து எடுக்க ஆகும் நேரம் டிஸ்க் தேடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குரோம்ஓஎஸ் இதை வைத்துத்தான் சின்ன ரேமில் ஓடுகிறது, ஃபெடோரா 33-லிருந்து அங்கே இயல்பாகவே இருக்கிறது. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைப்பு ஃபைலில் அளவை ரேமில் 50 சதவீதம் என்று வைத்து சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பக்கங்களை ரேமிலிருந்து எவ்வளவு தாராளமாக வெளியே தள்ளலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் இயல்பாக 60 இருக்கும், இசட்ரேம் இருந்தால் அதை 100 அல்லது அதற்கு மேலும் உயர்த்தலாம். டிஸ்க் ஸ்வாப்புக்குத்தான் அதைக் குறைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, இங்கே தலைகீழ். இஎம்எம்சி தேய்வதையும் இது குறைக்கும். முழு டெஸ்க்டாப் போடாமல் எல்எக்ஸ்க்யூடி-யோடு நின்றுகொள்ளுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப்புக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எழுதுவதற்கும் படிப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் தாராளமாகப் போதும்.

நிலைவட்டு

மின்மினி, மேலே நீங்கள் எழுதிய 3000 மில்லி செகண்ட் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரேம் பற்றாக்குறையில் வரிசை நீண்டு 900 வரை போகும், அதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று நொடி என்பது அதற்கும் அப்பால். ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். மெமரியில் இடம் இருக்கும் அந்த நேரத்திலும் ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கில் குதித்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு, டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரங்களை இங்கே எழுதுங்கள். அதுவரை ரேம் வாங்க வேண்டாம்.

மின்மினி

செய்து பார்த்தேன். எதுவுமே திறக்காத நிலையிலும் 2000-க்கு மேல் அவ்வப்போது குதிக்கிறது, அப்போது லேப்டாப்பில் காது வைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்கிறது. 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்' பூஜ்யம், ஆனால் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' வரிசையில் கடைசி எண் 28. வெறும் 28-தானே, இது பெரிய விஷயமா?

திருகாணி

நிலைவட்டு சரியான இடத்தில் கை வைத்தார். மின்மினி, முதலில் அந்த 28. அந்த நெடுவரிசை இயல்பாகப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) காட்டும், அதனால் அது 40. நாற்பது செக்டரை, அதாவது சேமிப்புத் துண்டை, படிக்க முடியாமல் டிஸ்க் தவிக்கிறது என்று பொருள். படிக்க முயன்று, தோற்று, தலையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முயல்கிறது. அந்த மூன்று நொடியும் டிக் சத்தமும் அதுதான். ஃபார்மட் செய்தபோது கொஞ்ச நாள் நன்றாக இருந்ததும் இப்போது புரிகிறது. ஃபைல்கள் வேறு இடத்தில் எழுதப்பட்டன, பிறகு மறுபடி கெட்ட பகுதியைத் தொட்டுவிட்டன.

இதனால் வரிசை மாறுகிறது. ரேம் பிறகு, முதலில் டேட்டா, அடுத்தது எஸ்எஸ்டி. இன்றே, வேறு எந்தச் சோதனையும் ஓட்டாமல், உங்களுக்கு முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். போட்டோ, டாக்குமென்ட், பிரவுசர் புக்மார்க், பாஸ்வேர்டுகள். ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஃப்ராக் கூடாது. செக்டிஸ்க்கில் ஆர் போட்டு ஓட்டவும் கூடாது, முழு டிஸ்க்கையும் துருவிப் பார்க்கும் வேலை அது, சாகப்போகும் டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம். நகல் எடுத்து முடிக்கும்வரை டிஸ்க்குக்கு அதிக வேலை தராதீர்கள்.

துரிதம்

எஸ்எஸ்டி போட்டுவிட்டு ரேம் 4 ஜிபி-யாகவே இருந்தால், பேஜ் ஃபைல் எழுதி எழுதி எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடாதா? மூன்று வருடத்தில் போய்விடும் என்று எங்கேயோ படித்தேன்.

நிலைவட்டு

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறது என்று வையுங்கள், வீட்டு உபயோகத்துக்கு இது தாராளமான அனுமானம். வருடத்துக்கு 7.3 டிபி. சிறிய 240 ஜிபி எஸ்எஸ்டி-க்கே 80 டிபி அளவுக்கு எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிற தயாரிப்புகள் இருக்கின்றன. பத்து வருடம் தாண்டிவிடும், அதற்குள் லேப்டாப்பின் கீலே உடைந்துவிடும். ஆனாலும் பிறகு ரேம் சேர்ப்பது நல்லது, தேய்மானத்துக்காக இல்லை, வேகத்துக்காக. எஸ்எஸ்டி ஒரு தேடலுக்கு ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும், ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்கு வேகம்தான், ஆனால் ரேமோடு ஒப்பிட்டால் அதுவும் ஆமைதான். இரண்டையும் ஒரே நாளில் வாங்க முடியாதவர் எதிலிருந்து தொடங்கினாலும் பலன் உண்டு. டிஸ்க் நலமாக இருந்து, ஸ்லாட்டும் காலியாக இருந்தால் திருகாணி முன்பு சொன்ன வரிசைதான் எனக்கும் சம்மதம்.

மின்மினி

டேட்டாவை எடுத்துவிட்டேன், இரண்டு பழைய வீடியோ ஃபைல் மட்டும் நின்றுவிட்டது, அவை போனால் பரவாயில்லை. எஸ்எஸ்டி வந்ததும் இப்போதைய விண்டோஸை அப்படியே குளோன் செய்யலாமா, புதிதாக நிறுவுவதா? பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

திருகாணி

குளோன் வேண்டாம். படிக்க முடியாத செக்டரில் குளோன் மென்பொருள் நின்றுவிடும், அல்லது ஓட்டை விழுந்த சிஸ்டம் ஃபைலையும் சேர்த்துக் கொண்டுவரும். புதிதாகவே நிறுவுங்கள், நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதற்கு முன் பயாஸில் சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஐடிஇ என்று இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், நிறுவிய பிறகு மாற்றினால் பூட் ஆகாமல் நிற்கலாம். பின்பக்க மூடியைத் திறந்த கையோடு ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் எடுத்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் ஹீட் சிங்க்கின் வாயில் பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும், சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிறுவி முடித்ததும் பவர் பிளான் 'பவர் சேவர்' என்று இல்லாமல் 'பேலன்ஸ்ட்' என்று இருக்கட்டும், ஸ்டார்ட்அப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், அதன் மேல் இன்னொரு ஆன்டிவைரஸ் வேண்டாம். விண்டோஸா லினக்ஸா என்ற முடிவை பனிப்பறவை சொன்னபடி பென் டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள், எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போதே முடிவு செய்வது சுலபம்.

பழைய டிஸ்க்கைப் பேக்கப்புக்கு வைக்காதீர்கள். பெண்டிங் செக்டர் உள்ள டிஸ்க்கில் மீண்டும் எழுதினால் அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கி நலமானதுபோல் காட்டக்கூடும், அதை நம்பி ஒரே நகலை அதில் வைத்தவர்கள் பலர் பிறகு தவித்திருக்கிறார்கள். அந்த இரண்டு வீடியோவும் வேண்டுமென்று எப்போதாவது தோன்றினால் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம், அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும், மேப் ஃபைல் கொடுத்தால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரை டிஸ்க்கில் 'பழுது' என்று எழுதி ஒட்டித் தனியாக வைத்துவிடுங்கள்.